பத்தாயிரம் டாலரின் கணக்கு

பி.காம் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, "எங்கள் தெருவில் கறுப்பர்களுக்கு வீட்டை விற்கவும் மாட்டோம், வாடகைக்கு விடவும் மாட்டோம்" என்று பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுமா? அமெரிக்காவில் 1948 வரை செல்லும் என்றுதான் பல நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்படி ஒரு பத்திரத்தோடு மோதிய வீட்டில் வளர்ந்தவர்தான் நாடக ஆசிரியை லோரைன் ஹான்ஸ்பெர்ரி. 1930ல் சிகாகோவில் பிறந்தார். அப்பா கார்ல் ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர். பெரிய வீடுகளைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். 1937ல் அவரே வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கும்பல் கூடியது, கல் பறந்து வந்தது. அது சின்னப் பெண் லோரைன் மேல் படாமல் தப்பியது. அப்பா வழக்குக்காக அலைந்த நாட்களில் அம்மா இரவெல்லாம் துப்பாக்கியோடு வீட்டைக் காவல் காத்தார்.

வழக்கில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. அந்தப் பத்திரம் செல்ல வேண்டுமானால், தெருவைப் பார்த்த நிலத்தில் 95 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உண்மையில் போட்டது சுமார் 54 சதவீதம்தான்! ஆனால் அதற்கு முன் நடந்த வேறொரு வழக்கில் இரு தரப்பும் 95 சதவீதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டதால், அது ஹான்ஸ்பெர்ரி குடும்பத்தையும் கட்டுப்படுத்தும் என்று இல்லினாய் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 1940ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்தது. எப்படித் தெரியுமா? அந்தப் பழைய வழக்கில் இவர்கள் தரப்புக்காக யாரும் வாதாடவில்லை, ஆகவே அந்தத் தீர்ப்பு இவர்களைக் கட்டாது என்று. இப்படிப்பட்ட பத்திரமே தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயித்த கார்ல் 1946ல் மெக்சிகோவில் இறந்தார், அமெரிக்காவே வேண்டாம் என்று குடும்பத்தோடு அங்கே குடியேறத் திட்டமிட்டிருந்தபோது.

சரி, நாடகத்துக்கு வருவோம். 'எ ரெய்சின் இன் தி சன்' 1959 மார்ச்சில் பிராட்வேயில் அரங்கேறியது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் அங்கே மேடையேறியது அதுவே முதல் முறை. அவருக்கு வயது 28. இயக்கியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ், கதாநாயகன் சிட்னி பாய்ட்டியே. மொத்தம் 530 முறை நடந்தது.

இதைப் பாராட்டியவர்களில் பலர் சொன்னது, "இது கறுப்பர் கதை அல்ல, எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் கதை" என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாராட்டுகிற மாதிரி நாடகத்தின் முதுகெலும்பை உருவுகிற பேச்சு இது. நம்பாவிட்டால் கணக்கைப் பாருங்கள்.

யங்கர் குடும்பத்துக்கு, இறந்துபோன அப்பாவின் இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. அம்மா லீனா அதில் 3,500 டாலரை ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். மீதி 6,500. அதில் 3,000 மகள் பெனீதாவின் டாக்டர் படிப்புக்கு, மற்றது மகன் வால்டரின் பொறுப்பில். வால்டர் தங்கையின் பங்கையும் சேர்த்து மதுக்கடை பார்ட்னர்ஷிப்பில் போட, கூட்டாளி பணத்தோடு கம்பி நீட்டுகிறான். அப்போது கையிருப்பு பூஜ்யம். இருப்பது இன்னும் தவணை கட்ட வேண்டிய ஒரு வீடு மட்டும்.

ஏற்கெனவே லிண்ட்னர் என்ற வெள்ளைக்காரர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். மிரட்டவில்லை, திட்டவில்லை. "எங்கள் பகுதிக்கு வராதீர்கள், வீட்டை லாபத்துக்கே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார். லாப நஷ்டக் கணக்கு மட்டும் பார்த்தால் சரி என்பதுதான் புத்திசாலித்தனம். வால்டரும் அதற்குத் தயாராகிறான். கடைசியில், தன் சின்ன மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முடியாது என்கிறான்.

அந்த "முடியாது"வின் விலை நமக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றுதான் லோரைன் ஒவ்வொரு டாலரையும் மேடையில் எண்ணிக் காட்டினார் என்பது என் எண்ணம். பணத்தைப் பறிகொடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் நடக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் குடிவராமல் இருக்கப் பணம் தருகிறேன் என்று ஊரே சேர்ந்து ஆள் அனுப்புவது எல்லோருக்கும் நடப்பதில்லையே!

குடும்பம் சாமான்களோடு கிளம்புவதை சுபமான முடிவு என்றும் சிலர் எழுதினார்கள். அந்த மாதிரித் தெருவில் முதல் ராத்திரி எப்படி இருக்கும் என்று லோரைனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவர்களைக் கிளம்ப வைத்தார்.

அவருக்கு நேரம் அதிகம் கிடைக்கவில்லை. 1964 அக்டோபரில் அடுத்த நாடகமான 'தி சைன் இன் சிட்னி புருஸ்டீன்ஸ் விண்டோ' பிராட்வேக்கு வந்தது. 1965 ஜனவரி 12 அன்று கணையப் புற்றுநோயால் 34 வயதில் இறந்தார். அந்த நாடகமும் அன்றோடு நின்றது.

ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தைப் படிக்கிற நண்பர்கள் கூடவே இந்த நாடகத்தையும் ஒருமுறை படியுங்கள். ஒரு பத்திரத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்பதைப் பரீட்சைக்காகப் பார்க்கிறோம். அதனால் யார் வீட்டுக் கதவு மூடப்படுகிறது என்பதை லோரைன் காட்டுகிறார்.