குளத்து மீனின் கண்



வன்னியின் இரணைமடுக் குளத்தில் மூழ்கி, கண்ணைத் திறந்து மேலே பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு நேரே ஒரு வெளிச்ச வட்டம். கரை மரங்களும் அணைக்கட்டும் முழு வானமும் அதற்குள் சுருண்டு கிடக்கும். தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதால் 180 பாகை வானம் ஏறக்குறைய 97 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. கமராவுக்குள்ளேயே தண்ணீரை நிரப்பி அந்தக் காட்சியைப் படமாக்கியவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேர்ட் வூட். 1906இல் 'மீன்கண்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

1920களில் இங்கிலாந்தின் ரொபின் ஹில் இதையே கண்ணாடி லென்ஸாக்கினார், முகில்களைப் படமெடுக்க. காலபோக விதைப்புக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிற எங்களுக்கு அவர் ஒன்றும் அந்நியர் இல்லை!

1970களில் நிக்கோன் செய்த 6 மில்லிமீற்றர் லென்ஸ் இந்த வகையின் இராட்சதன். எடை 5 கிலோவுக்கு மேல். 220 பாகை பார்க்கும், அதாவது தன் முதுகுப் பக்கத்தையும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஓடர் கொடுத்தால்தான் செய்தார்கள். அதனால்தான் 2012இல் இலண்டன் கடையொன்றில் அதன் விலை ஒரு இலட்சம் பவுண். அந்தக் காசுக்கு எத்தனை உழவு இயந்திரம் வாங்கலாம் என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது.

வன்னியில் அப்படியொன்றை நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் சாதாரணப் பழைய ஜப்பான் கமராக்கள். போரால் பற்றறி தடைசெய்யப்பட்டிருந்த 90களில், வில்லாலும் பல்லுச்சில்லாலும் ஓடுகிற அவைதான் எங்கள் கலியாணங்களையும் சாமத்தியவீடுகளையும் எடுத்தன. 2009இல் போருக்குத் தப்பி, எங்களில் பலர் அல்பங்களைப் பங்கருக்குள் புதைத்துவிட்டு நடந்தோம். திரும்பி வந்து தோண்டியபோது எங்கள் வீட்டுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன.

சேகரிப்பாளர் அரிய லென்ஸைத் தேடட்டும். எனக்கு அந்தக் கமராக்களே அரியவை.

உங்கள் றங்குப்பெட்டியில் ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். லென்ஸைச் சேலைத்தலைப்பால் துடைக்கவும் வேண்டாம், கீறல் விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். ஈரமில்லாத இடத்தில் வைத்து, எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். உள்ளே பிலிம் ரோல் இருக்கக்கூடும். பின்கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்