ஜட்ஜுக்கு வாசித்தது போதும்

கல்லூரி கல்ச்சுரல்ஸில் நடக்கும் 'பேட்டில் ஆஃப் பேண்ட்ஸ்' போட்டிகளை இழுத்து மூட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இப்படி ஆரம்பித்தால் "தோத்துட்டு வந்து புலம்புறான்டா" என்று நம் வகுப்பு மக்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். தகவலுக்காகச் சொல்கிறேன்: மூன்று வருடத்தில் பதினொரு போட்டி, இரண்டில் முதல் பரிசு, ஒன்றில் மூன்றாம் பரிசு. ஜெயித்த அன்றும் இதையேதான் சொன்னேன். எங்கள் டிரம்மர் சாட்சி.

இந்தப் பக்கம் வந்தே இராதவர்களுக்காக, போட்டி எப்படி நடக்கும் என்று கொஞ்சம். கோவையிலிருந்து சென்னைக்கு நாலு பேர், ராத்திரி ரயிலில் ஸ்லீப்பர். கிடார் இரண்டு, பேஸ் ஒன்று, எஃபெக்ட்ஸ் பெடல் பை ஒன்று, போதாததற்கு டிரம்மரின் ஸ்நேர், சிம்பல், டபுள் பெடல். (டிரம் செட் அவர்கள் கொடுப்பார்கள். உடைகிற, தேய்கிற சாமானெல்லாம் நம்முடையது.) மேல் பெர்த்தில் ஆள் தூங்குவதா கிடார் தூங்குவதா என்று ஒவ்வொரு தடவையும் பஞ்சாயத்து. 9 மணிக்கு என்று சொன்ன போட்டி 11:30க்கு ஆரம்பிக்கும். ஒரு குழுவுக்கு 20 நிமிடம், செட்டப் சேர்த்து. ஒயரைச் சொருகி, ட்யூன் பண்ணி, லைன் செக் முடிக்கவே ஏழு நிமிடம் போய்விடும். மீதி 13. அதில் மூன்று பாட்டு. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போதே ஒரு வாலண்டியர் தம்பி மேடை ஓரமாக வந்து நின்று இரண்டு விரலைக் காட்டுவான். ரெண்டு நிமிஷமாம். அவன்மேல் கோபப்பட்டும் பிரயோஜனம் இல்லை, அவன் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான்.

சரி, கேட்பது யார்? மூன்று ஜட்ஜ். அடுத்து ஏறப்போகிற குழுக்கள் (அவர்கள் கேட்க மாட்டார்கள், ட்யூன் பண்ணிக்கொண்டிருப்பார்கள்). நிழலுக்கு ஒதுங்கிய சில பேர். சவுண்ட் சர்வீஸ் அண்ணன். இவ்வளவுதான் எங்கள் 'ஆடியன்ஸ்'. அதே மைதானத்தில் சாயங்காலம் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், சினிமாப் பாடகருக்கு. அவருக்கு ஸ்பான்சர் காசு, ஏசி கார், ஓட்டல் ரூம் எல்லாம் உண்டு. எங்களுக்கு ஒரு சான்றிதழ், அதிலும் பெயர் தப்பாக இருக்கும். ரயில் டிக்கெட் காசு கேட்டால் "எக்ஸ்போஷர் கிடைக்குதுல்ல ப்ரோ" என்கிறார்கள். யாருக்கு எக்ஸ்போஸ் ஆனோம்? வெயிலுக்கு!

ஜெயித்தால் ராத்திரி நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்கலாமே என்பார்கள். ஒருமுறை வாசித்தோம், பெரிய மேடையில். பெரியவருக்கு சவுண்ட் செக் இழுத்துக்கொண்டே போனதில் எங்களுக்கு மிஞ்சியது பத்து நிமிடம். ராத்திரி 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. ஆகவே நேரம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது சின்னக் குழுவுக்குத்தான். கூட்டம் முழுக்க சினிமாப் பாடகரின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எங்களுக்காக வரவில்லையே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டைக் கெடுக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. மதிப்பெண் தாளில் 'டெக்னிகல் எபிலிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்காகவே தமிழ்நாட்டில் கல்லூரிக் குழுக்கள் பாட்டு எழுதுகின்றன. ஏழு மாத்திரையில் ஒரு பகுதி, பத்து விரலாலும் கிடார் கம்பியைத் தட்டி ஒரு சோலோ, டபுள் பெடலில் ரயில் ஓடும் சத்தம், நடுவில் எங்கேயும் கேட்டிராத ஓர் அமெரிக்க உச்சரிப்பில் நாலு வரி. வாசிக்க மிகக் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யாராவது அதை முணுமுணுத்தார்களா? ஹாஸ்டலில் குளிக்கும்போது ஒருத்தன் பாடினானா? ஜட்ஜ் ஒரே ஒரு தடவை கேட்டு மார்க் போட்டுவிட்டுப் போகிறவர். ரசிகன் மறுபடி கேட்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டை எழுத முடியாது.

நாம் எல்லாரும் கிண்டல் பண்ணுகிற கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவைப் பாருங்கள். சாயங்காலம் ஆரம்பித்து நாலு மணி நேரம் வாசிக்கிறார்கள். கீபோர்டுக்காரர் ஒருவரே புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் அத்தனையும் சமாளிக்கிறார். முன்வரிசைப் பாட்டி எப்போது எழுந்து போவார், பின்வரிசை இளவட்டம் எப்போது ஆடும் என்பது பாடகருக்கு அத்துப்படி. முடிந்ததும் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். மார்கழி சபாக்களின் மதியக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம், பாடும் சின்னப் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் உட்கார்ந்து முழுசாக ஒரு கச்சேரி செய்யலாம். எதிரே பத்துப் பெரியவர்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள், பிடிக்காவிட்டால் காண்டீனுக்குப் போகிறார்கள். அதுவும் ஒரு பாடம்தானே! 13 நிமிடத்தில் யாருக்கு என்ன பாடம் கிடைக்கும்?

"தமிழ்நாட்டில் சினிமாப் பாட்டைத் தவிர எவனும் கேட்க மாட்டான்." ஜாம் ரூம் வாசலில் டீ குடிக்கும் ஒவ்வொரு குழுவும் ஓதுகிற மந்திரம் இது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் நிகழ்ச்சி நடத்தியபோது ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் யார்? கானா, ராப், ராக் எல்லாம் கலந்து, தமிழில், தங்கள் தெருவைப் பற்றி, தங்கள்மேல் சுமத்தப்பட்ட சாதியைப் பற்றிப் பாடினார்கள். பா. ரஞ்சித் பின்னால் இருந்தார், அதனால் கூட்டம் என்பீர்கள். கூட்டத்தை அவர் வரவழைத்திருக்கலாம், கைதட்டச் சொல்லி வற்புறுத்த முடியாது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் 'அவியல்' குழு 2008இலேயே மலையாளத்தில் முழு ராக் ஆல்பம் போட்டுவிட்டது. அங்கேயும் சினிமா இருக்கிறது சாமி! அவ்வளவு ஏன், ஏ.ஆர். ரஹ்மானே 'ரோஜா'வுக்கு முன்னால் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர்தான்.

அடுத்த மந்திரம் "நெட்ல போட்டுட்டோம் மச்சி." போட்டுவிட்டு? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் அதற்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்கும். எங்கள் நாலு பாட்டில் ஒன்றுகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஏற்றி வைத்தால் எடுத்துக் கேட்க ஆள் வேண்டாமா? அந்த ஆள் எங்கேயாவது நேரில் நம்மைப் பார்த்திருக்க வேண்டும்.

'கல்லூரி ராக்' என்ற பெயருக்கே முன்னோடி என்று சொல்லப்படும் ஆர்.இ.எம். கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் என்ற சின்ன ஊர். 1980 ஏப்ரலில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில், தோழியின் பிறந்தநாள் பார்ட்டியில் முதல் வாசிப்பு. 1981இல் ஒரு சின்ன கம்பெனி மூலமாக முதல் சிங்கிள். அதை எடுத்துப் போட்டவை கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலிகள். ஒரு வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன இடங்களில் வாசித்தார்கள். 'லூசிங் மை ரிலிஜன்' உலகத்தையே சுற்றியது 1991இல், அதாவது பதினோரு வருடம் கழித்து. நமக்குப் பதினோரு வருடம் கிடையாது என்பது வாஸ்தவம். எட்டு செமஸ்டர்தான். அதில் ஐந்தைப் போட்டிக்குத் தின்னக் கொடுத்தால் மிச்சம் என்ன? பிளேஸ்மென்ட் வந்தால் கிடாரிஸ்ட் பெங்களூரு, பேஸிஸ்ட் புனே, குழு வாட்ஸப் குரூப்பாக மட்டும் மிஞ்சும்.

போன டிசம்பரில் மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு காபிக் கடை மாடியை சாயங்காலத்துக்கு எடுத்தோம். ஸ்பீக்கர், மிக்சர் வாடகையைப் பிரித்துக்கொண்டோம். டிக்கெட் 100 ரூபாய், வந்தவர்கள் 43 பேர். செலவெல்லாம் போகக் கையில் நின்றது 600 ரூபாய், அதையும் பரோட்டாவுக்குக் கொடுத்துவிட்டோம். ஆளுக்கு 45 நிமிடம் வாசித்தோம். எங்கள் எட்டு நிமிடப் பாட்டில் எந்த இடத்தில் ஜனம் போனைக் கையில் எடுக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். அந்த இடத்தை அடுத்த வாரமே வெட்டி எறிந்தோம். பிப்ரவரியில் மறுபடி நடத்தியபோது பழைய 43இல் 12 பேர் திரும்பி வந்தார்கள். அதில் ஒரு அக்கா, யாரென்றே எங்களுக்குத் தெரியாது, இரண்டாவது பாட்டைக் கூடவே பாடினார். இரண்டு முதல் பரிசும் சேர்ந்து எங்களுக்கு இதைக் கொடுத்ததில்லை.

நம் கல்லூரி கல்ச்சுரல் செக்ரட்டரியிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். போட்டி வேண்டாம், ஜட்ஜுக்குத் தரும் காசும் கோப்பைக்குத் தரும் காசும் மிச்சம். அதை வெளியூர்க் குழுக்களின் ரயில் டிக்கெட்டுக்குக் கொடுங்கள். நாலு குழு, ஆளுக்கு 45 நிமிடம், சாயங்காலம் 5 மணிக்கு, அந்த சினிமாப் பாடகர் ஏறுகிற அதே மேடையில். பிடிக்காதவர்கள் எழுந்து காண்டீனுக்குப் போகட்டும். "ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

அதுவரை எங்கள் குழு எந்தப் போட்டிக்கும் வராது. திருச்சி, மதுரை பக்கம் குழு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு நீங்கள் வாருங்கள், மாடி, ஸ்பீக்கர், படுக்க இடம் எங்கள் பொறுப்பு. உங்கள் ஊருக்கு நாங்கள் வருகிறோம். சிம்பல் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் :-)