சாவியைச் சுற்றவிடலாமா?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர் என் தாத்தா. அதனால்தான் இந்தக் கவலை.

'லெட்ஸ் என்க்ரிப்ட்' இலவசமாகத் தரும் இணையதளச் சான்றிதழை 'செர்ட்பாட்' தானாகவே புதுப்பிக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நம் கையெழுத்தாக நிற்பது, முதலில் பதியும்போது உருவாகும் கணக்குச் சாவி. அதை வைத்திருப்பவன் நம் சான்றிதழை ரத்து செய்யலாம். பழைய சரிபார்ப்பு காலாவதியாகாதவரை நம் பெயரில் புதிதாகவும் வாங்கலாம்!

நம்மாளுங்களோ பிராஜெக்டோடு அதையும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறார்கள். "சும்மா ஒரு ஃபைல்தானே மச்சி" என்கிறார்கள். கைநாட்டும் சும்மா மைதானே? அது சர்வரிலேயே, ரூட் மட்டும் படிக்கும்படி 0400 அனுமதியோடு இருக்கட்டும். வெளியே போய்விட்டால், 2019-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8555-படி சாவியை மாற்றலாம், கணக்கையே முடக்கலாம். அன்றைக்கே செய்துவிட வேண்டும்.