நட்சத்திரத்தின் ஜாதகம்

பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்திலும் சுற்றிலுமுள்ள மற்றக் குப்பங்களிலும் வாழும் மீனவ மக்களுக்கு ஆகாயத்தைப் பற்றி இரண்டே சங்கதிகள்தான் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று ஜோசியர் சொல்லுவது: நீ பிறந்த நட்சத்திரம் இன்னது, ஆகையால் உன் தலையெழுத்து இன்னது என்பது. மற்றொன்று அதிகாரிகள் சொல்லுவது: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடப் போகிறோம், ஆகையால் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது. முன்னதைச் சொல்லுகிறவருக்குத் தட்சணை கிடைக்கிறது. பின்னதைக் கேட்கிறவருக்கு ஒரு நாள் பிழைப்புப் போகிறது. மூன்றாவது சங்கதி ஒன்று உண்டு. அது ஜோசியரின் வாயை அடைக்கக் கூடியது; அவர்கள் தலைக்கு மேலே போன ராக்கெட் மூலமாகவே கிடைத்தது. அதை மாத்திரம் குப்பத்தில் நாம் கேட்ட ஒருவரும் அறியவில்லை.

அறியாதது அவர்கள் மாத்திரமல்ல. ஒரு சமயம் அந்தப் பக்கத்தில் ஜோசியப் புரட்டைப் பற்றி நாம் இரண்டு மணி நேரம் பேசி முடித்தவுடன் ஒரு பெரியவர் எழுந்து, “ஐயா, நட்சத்திரம் நம்மை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டீங்க, சரி. எங்களைக் கரையிலே உட்கார வைச்சிட்டு மேலே போகுதே, அது அங்கே என்னத்தைப் பார்க்குது?” என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. நட்சத்திரத்தால் ஒன்றும் ஆகாது என்று மேஜையைத் தட்டிப் பேசிய நமக்கு, நட்சத்திரம் எப்படி உண்டாகிறது என்பதே தெரியாது! வெட்கப்பட்டுத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

2015-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ந் தேதி காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், ஆஸ்ட்ரோசாட் என்னும் சுமார் 1,500 கிலோ எடையுள்ள சாதனத்தைக் கொண்டுபோய் 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்ற விட்டது. அதில் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தார் முன்னின்று செய்த இரட்டைத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி ஒரு முழ அகலங்கூட இல்லை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத, ஊதா நிறத்துக்கும் அப்பாற்பட்ட ஒளியை அது பார்க்கும். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் அந்த ஒளியைத்தான் மிகுதியாய் வீசுகின்றன. அதில் பெரும்பகுதியைப் பூமியின் காற்று தரைக்கு வரவொட்டாமல் தடுத்துவிடுகிறது. ஆதலால்தான் தொலைநோக்கி மேலே போக வேண்டியதாயிற்று.

நிற்க, கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு மண்டலம். நமது சூரியனும் அப்படிப்பட்ட ஒரு மண்டலத்தில்தான் இருக்கிறது. இம்மண்டலங்களில் சில தனியாக இருக்கின்றன; சில நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் கூடிக் கொத்தாக இருக்கின்றன. ஜோசியர் கன்னி ராசி என்று காட்டுகிறாரே, அந்தத் திசையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் கொண்ட கொத்து ஒன்று உண்டு. அங்கிருந்து ஒளி புறப்பட்டு நம்மிடம் வந்து சேரச் சுமார் ஐந்தரைக் கோடி வருஷம் ஆகிறது. கன்னி ராசிக்காரிக்கு எந்த மாதத்தில் கல்யாணம் என்று கணக்குப் போட்ட ஒரு ஜோசியராவது இதை எந்த ஏட்டிலாவது கண்டாரா?

ஒரு மண்டலத்தில் புது நட்சத்திரங்கள் பிறப்பதற்கு வேண்டிய சரக்கு குளிர்ந்த வாயு. அது இருக்கும்வரை பிறப்பு உண்டு, தீர்ந்தால் இல்லை. கொத்துக்குள்ளே மண்டலங்களுக்கு இடையிலுள்ள வெளி வெறும் வெளியல்ல. கோடிக்கணக்கான டிகிரி சூடேறிய வாயு அதில் நிரம்பியிருக்கிறது. வெளியே இருந்த மண்டலம் ஒன்று கொத்துக்குள் வேகமாய் விழுந்தால், ஓடுகிற படகில் நிற்பவன் மேல் எதிர்க்காற்று அடிப்பதுபோல அந்தச் சூட்டு வாயு அதன்மேல் மோதி, அதன் சொந்த வாயுவைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் கன், காட் என்ற இருவர் 1972-லேயே கணக்குப் போட்டு இதைச் சொன்னார்கள்.

கணக்கில் சொன்னதை ஆஸ்ட்ரோசாட் படமாகவே காட்டிவிட்டது. எழுபது எண்பது கோடி ஒளியாண்டுத் தூரத்திலுள்ள ஏபெல் 85 என்ற கொத்துக்குள் நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஜே.ஓ. 201 என்ற மண்டலத்தை அது படம் பிடித்தது. மண்டலத்தின் பின்னால் பிய்ந்துபோன வாயு விழுது விழுதாய்த் தொங்க, அந்த விழுதுகளிலேயும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. சிலி தேசத்திலுள்ள பெரிய தொலைநோக்கியில் இத்தாலி நாட்டார் தலைமையில் எடுத்த படங்களும் இதனுடன் ஒத்துப்போயின. எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 15 சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் அங்கே உண்டாகின்றன என்று 2018-ல் வெளியிட்டார்கள். அணையப் போகிற விளக்கின் வெளிச்சம் அது. சரக்குப் பறிபோன பிறகு அதற்குப் பிறப்பில்லை. இம்மாதிரி மண்டலங்களுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பேர் சொறி மீன் என்பதாகும். வலையிலிருந்து சொறியை எடுத்துப் போட்டுக் கை அரித்த குப்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிய்த்தெடுக்காமலே பட்டினி போட்டுக் கொல்லுவதும் உண்டு. வெளியிலிருந்து புதிதாய் வந்து சேரவேண்டிய வாயுவைக் கொத்து தடுத்துவிட்டால், மண்டலம் உள்ளதைத் தின்று தீர்த்து மெல்ல ஓய்ந்துபோகும். பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்கு என்ன கதி என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வர வழியில்லை. கொஞ்ச நாளைக்கு வலையில் ஏதோ விழும். அப்புறம் வெறும் வலை. ஏரியின் பிறந்த நேரம் சரியில்லை என்று அப்போது எந்த மீனவரும் சொல்லுவதில்லை. மணலை வாரு என்றுதான் கேட்கிறார்கள். ஏரியில் பாடு முறை வைத்திருப்பதும் எதற்காக? ஒரே ஆளும் ஒரே வலையுமானாலும் இடம் மாறினால் மீன் மாறுகிறது என்பதற்காகத்தானே முறை வைத்துச் சுற்றுகிறார்கள்? (அந்தப் பாட்டில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்பது வேறு சண்டை, அதைத் தனியே எழுதுவோம்.) டிரெஸ்லர் என்பவர் 55 கொத்துக்களை எண்ணிப் பார்த்து 1980-ல் சொன்னதும் இதுதான்: நெருக்கம் மிகுந்த நடுவில் பிறப்பு நின்றுபோன கிழட்டு மண்டலங்கள் மிகுதி, ஓரத்திலும் வெளியிலும் இன்னும் பெற்றுக்கொண்டிருக்கும் மண்டலங்கள் மிகுதி.

இதனால் நட்சத்திர மண்டலங்கள் நமது கட்சியில் சேர்ந்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. இடம் ஒன்றே எல்லாம் என்பதும் சரியல்ல. மிகப் பெருத்த மண்டலங்கள் தனியே இருந்தாலுங்கூடத் தம் எடையினாலும் உள் காரணங்களாலும் பிறப்பை நிறுத்திக்கொள்ளுகின்றன என்றும் ஆராய்ச்சிக்காரர் கண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு மண்டலத்தைக் கொண்டு நீதி சொல்லப் புறப்பட்டால் நாமும் ஜோசியர் பக்கத்துத் திண்ணையில்தான் போய் உட்கார வேண்டிவரும். நாம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: நட்சத்திரம் பிறப்பதும் பிறவாமற் போவதுமே வாயு உண்டா, எதிர்க்காற்று உண்டா, அண்டையில் யார் என்பதைப் பொறுத்திருக்க, தன் பிறப்பையே தான் தீர்மானித்துக்கொள்ள முடியாத அது, லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்த குழந்தையின் தலையெழுத்தை எந்தக் கையால் எழுதிற்று?

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ராக்கெட் விடும் நாளில் படகு போகக்கூடாது என்பது உயிருக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுக் கரையில் உட்கார்ந்தவனுக்கு, மேலே போவது எது, அது எதைப் பார்க்கப் போகிறது, முன்னே போனது எதைக் கண்டது என்று தெரிந்துகொள்ளப் பாத்தியதை இல்லையா? கடலுக்குப் போகாதே என்று சொல்ல வருகிற ஆளிடமே இதைத் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தனுப்பலாம். சொறி மீன் படத்தையும் அதில் போட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.