பாவம், பேட்டரி என்ன செய்யும்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் பழைய டாடா 207 ஆகட்டும், திருப்பூரில் பனியன் கட்டு சுமக்கும் பொலீரோ பிக்கப் ஆகட்டும், காலையில் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். வண்டி எடுத்துவிடும். சாயங்காலம் புது பேட்டரி வந்து உட்காரும். சில வாரம் கழித்து மறுபடியும் ‘டக்’. இந்தத் தடவை செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். அதிலும் தீராவிட்டால் டைனமோ, இக்னிஷன் சுவிட்ச் என்று செலவு நீளும். கடைசியில் யாராவது ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப முறுக்குவார். ஒரே சுற்றில் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் இதில் வண்டிக்காரர்களின் பங்குதான் பெரிது. புது சாமானுக்குப் பேரம் பேசியாவது பணம் கொடுக்கிறார்கள்; எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. “சும்மா பார்த்ததுக்கெல்லாமா காசு?” என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிற இடத்தில் எந்த மெக்கானிக் அரை மணி நேரம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? சாமானை மாற்றினால் அவருக்குக் கூலி உண்டு. அளந்து பார்த்து “எர்த் லூஸ், வேறொன்றும் இல்லை” என்று சொன்னால் ஒரு டீதான் கிடைக்கும்.

டீசல் வண்டியில் இந்தப் பழக்கம் கூடுதலாகக் கையைக் கடிப்பதற்குக் காரணம் அதன் என்ஜினிலேயே இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் தீ மூட்டுவதற்கு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினேழில் ஒரு பங்காகவோ, பழைய ரக என்ஜின்களில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழாகவோ அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. அழுத்தம் வேகமாக நடக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுழன்றால், சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கிவிடும். சுருங்கிய காற்றிலும் ஒரு பங்கு ரிங் வழியாகக் கசிந்துவிடும். என்ஜின் சுற்றும், ஆனால் எடுக்காது. ஆகவே வழியில் ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்தால்கூட டீசல் பிக்கப் முரண்டு பிடிக்கும்.

அந்த வோல்ட் எங்கே தொலைகிறது? இரண்டரை, மூன்று லிட்டர் டீசல் என்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். 1827-ல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி இங்கே நேராக உதவுகிறது. துரு ஏறிய ஒரு போல்ட்டில் 0.005 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.005 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில் தெரியவே தெரியாது. மீட்டரின் சொந்த வயருக்கே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கும். ‘பீப்’ சத்தம் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அதனால்தான் இங்கே ஏமாற்றுகிறது. டெஸ்ட் லேம்ப்பும் அப்படியே. பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சிய கேபிளிலும் பல்பு பளிச்சென்று எரியும், ஏனென்றால் பல்பு கேட்பது ஓர் ஆம்பியரோ இரண்டோதான்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. செலவு எதுவும் இல்லை. முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டீசல் பம்ப்பின் ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழற்றிவிட வேண்டும்; அப்போது சாவியைத் திருப்பினாலும் என்ஜின் சுற்றுமே தவிர எடுக்காது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலேயே குத்த வேண்டும். மேலே கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் பாதி உண்மை மறைந்துவிடும். மறு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அந்த வழியில்தான் இருக்கிறான். முளைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் ஒரு அளவு, கிளாம்ப்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒன்று, சேஸிஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒன்று என்று நகர்ந்தால் ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும். பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்; அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

என்ஜின் ரப்பர் மவுன்ட்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. அதனால்தான் அந்த எர்த் பட்டை. கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது பட்டையைக் கழற்றுவார்கள்; ஏற்றும்போது அதை மறந்துவிடுவதோ, சேற்றுக்கு மேலேயே போல்ட்டை முறுக்குவதோ அபூர்வம் இல்லை. அப்புறம் கரன்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் சுடும். சில வண்டிகளில் புகையும். கேபிள் கருகி இறுகிவிட்டது என்று கேபிளை மாற்றிவிட்டு, எர்த்தை அப்படியே விட்ட கதைகளும் உண்டு.

பேட்டரியின் மேல் பழி விழுவதற்குக் காரணம், அதை மாற்றியதும் பெரும்பாலும் வண்டி எடுத்துவிடுவதுதான். ஆனால் மாற்றும்போது பூத்துப்போன டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிளாம்ப்பைச் சுரண்டி இறுக்குகிறார்கள் அல்லவா? பல சமயம் வேலை செய்தது அந்தச் சுரண்டல்தான். இன்னொரு பொய்ச் சாட்சி, பக்கத்து வண்டியிலிருந்து போடும் ஜம்ப். ஜம்ப் போட்டால் எடுக்கிறது, ஆகவே பேட்டரிதான் காலி என்று முடிவு கட்டுகிறார்கள். ஜம்ப் கேபிளின் நெகட்டிவை என்ஜின் பிளாக்கில் கவ்வ வைத்திருந்தால் (பாதுகாப்புக்கு அப்படித்தான் வைக்க வேண்டும்), கெட்டுப்போன எர்த் பட்டையைச் சுற்றிக்கொண்டு கரன்ட் போயிருக்கும். பேட்டரியைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றுமே சொல்லவில்லை.

பேட்டரியையும் அளந்தே கேட்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது. ராத்திரியில் பேட்டரி தானாக இறங்குகிறதென்றால், நேரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மாட்டிய சீரியல் லைட், ஆம்ப்ளிஃபயர், ஏர் ஹார்ன் கம்ப்ரஸர் பக்கம் முதலில் போக வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி போய்விடும்.

அளக்கும் முன்பே காதும் கண்ணும் பாதி வேலையை முடித்துத்தரும்; அனுபவசாலி மெக்கானிக்குகள் இதில் கெட்டிக்காரர்கள். ‘கட கட கட’ என்று தொடர்ந்து அடித்தால் வோல்ட் போதவில்லை, சொலினாய்டு இழுத்து இழுத்து விடுகிறது. பலமாக ஒரே ‘டக்’ என்றால் சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட்டோ கார்பனோ தேய்ந்திருக்கலாம். ஸ்பேனரால் மோட்டாரைத் தட்டியதும் சுற்றினால் கார்பனை நிச்சயம் பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரைத் தேட வேண்டும். என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியும் எடுக்காவிட்டால் சைலன்சரைப் பார்க்கலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. ஊட்டிக் குளிரில் ஹீட்டர் பிளக் போன பழைய என்ஜின் இப்படித்தான் செய்யும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. ஸ்டாப் சொலினாய்டுக்குக் கரன்ட் வருகிறதா, பைப்பில் ஏர் லாக்கா என்று பார்க்க வேண்டும். இந்த வண்டிக்குப் புது செல்ஃப் போட்டு என்ன பயன்?

குறுக்கு வழிகளில் ஆபத்தும் இருக்கிறது. இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்து சொலினாய்டுக்கு எட்டு வோல்ட்தான் போகிறதென்றால், ஒரு ரிலே போட்டால் தீரும். அதற்குப் பதில் டேஷ்போர்டில் காலிங் பெல் பட்டன் ஒன்றை முளைக்க வைக்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபை நேரடியாக அடிப்பதும் சகஜம். கியரில் இருக்கும் வண்டி அந்த நொடியே நகர்ந்து, படுத்திருப்பவர் மேல் ஏறும். இறக்கத்தில் நிறுத்தி உருட்டி எடுப்பவர்கள், என்ஜின் ஓடாதவரை பிரேக்குக்கு வேக்குவம் உதவி கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது. ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்கு வோல்டேஜ் டிராப் சோதனை பாடத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேரும் பையன் அதை மறப்பது, அங்கே யாரும் அதைக் கேட்காததால். எஃப்சி-க்கு லைட்டும் ஹார்னும் சரிபார்த்துப் போகும் வண்டிக்காரர், எர்த் பட்டையைக் கழற்றித் துடைக்கச் சொல்வதில்லை.

கேட்க வேண்டியது வண்டிக்காரர்தான். பில்லில் ‘சோதனைக் கூலி’ என்று தனியாக ஒரு வரி இருக்கட்டும். ஒரு மணி நேர வேலைக்கு என்ன கூலியோ அதையே கொடுக்கலாம். அந்தக் காசுக்குப் பதிலாக, பேட்டரி நிற்கும்போது எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, எர்த்தில் எத்தனை, பாசிட்டிவ் கேபிளில் எத்தனை என்று நான்கு எண்களை எழுதி வாங்க வேண்டும். எண் இல்லாமல் “பேட்டரி போச்சுண்ணே” என்றால் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. பிக்கப் சங்கங்கள் நினைத்தால் தங்கள் ஸ்டாண்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைக்கலாம். சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும்.