குழுப் பயிற்சியில் யார் பேசுகிறார்கள்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பகுதி வாகன ஆலைகளிலும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகளிலும் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு இரண்டு வகைப் பயிற்சி தருகிறார்கள். ரோபோ வெல்டிங், பெயின்ட் தடிமன் அளப்பது, ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் தொழில்நுட்பப் பயிற்சி. மற்றது குழுவாக வேலை செய்யும் பயிற்சி. நமக்குப் பேச்சு இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

வாகனத்தின் தரத்துக்கு அது வெறும் அலங்காரமல்ல. ஒரு காரின் கூட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஸ்பாட் வெல்டிங் விழுகிறது. சரியாகப் பிடிக்காத ஒன்றின் மேல் அடுத்தடுத்த கட்டங்களில் தகடும் பெயின்ட்டும் ஏறிவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கடினம். முதலில் பார்த்தவர் அப்போதே சொல்ல வேண்டும். ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் உடனே உதவிக்கு அழைக்கலாம். குழுத் தலைவர் வந்து பார்ப்பார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். தொழிலாளர்களே கூடிப் பழுதுக்குக் காரணம் தேடும் தர வட்டங்களும் 1962-இல் அந்த நாட்டில்தான் தொடங்கின. கீழே நிற்பவர் சொல்வதை மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பார் என்ற நம்பிக்கையில் ஓடும் முறை இது.

இங்கே அந்த முறையின் பலகையும் படிவமும் வந்துவிட்டன. கேட்கும் பழக்கம் வந்ததா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், டீ குடிக்கும் இடத்தில், நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வருகிறது. "தம்பி எந்த ஊரு?" சொன்னால் அடுத்தது, "ஊருக்குள்ளயா, காலனியா?" கேட்பவர் சாதாரணமாகக் கேட்டதாகவே சொல்வார். பதில் சொன்னவனுக்கு அதன்பின் அந்தக் குழுவில் வாய் திறப்பது எளிதல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரி. கல்விக் கடன் வேறு இருக்கிறது. மூத்த பொறியாளரின் கணக்கில் பிழை தெரிந்தாலும் விழுங்கிக்கொள்கிறான். ஆண்டு மதிப்பீட்டில் அதற்குக் 'கம்யூனிகேஷன் போதாது' என்று பெயர் வைக்கிறார்கள். பலூன் ஊதவும் காகிதக் கோபுரம் கட்டவும் சொல்லித்தரும் பயிற்சியாளர், அந்த வட்டத்தில் யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? பழுதுக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்லித்தருபவர்கள் இதற்கு ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

சாதிப் பாகுபாட்டை அடையாளம் காண்பதும் அதைப் பற்றிப் புகார் சொல்லும் வழியும் குழுப் பயிற்சியின் பாடத்திலேயே இடம்பெற வேண்டும். மேற்பார்வையாளர்களுக்கு அது கட்டாயமாக வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுபவர் தமிழில் பழுதை விளக்கினால் அதையும் தொழில்நுட்ப அறிவாகவே மதிக்க வேண்டும். போல்ட்டுக்கு மொழி தெரியாது.

அதற்கும் முன்னால், பயிற்சிக்கு உள்ளே வருவது யார் என்ற கணக்கு வேண்டும். தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை என்று சொல்லிச் சொல்லி நாமே அதற்குப் பழகிவிட்டோம். ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தனியார் ஆலைகளுக்கும் பொருந்தும். அதன் 3ஏ பிரிவு, பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு செய்வதை வேலை தருபவரின் கடமையாக்குகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் முடித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒவ்வொரு ஆலையிலும் மொத்தப் பழகுநர்கள் எத்தனை, அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை, பயிற்சி முடித்தவர்களில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் எத்தனை என்ற விவரத்தை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே அந்தப் பட்டியல் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்பட வேண்டும்.