பெத்த மனசும் குடுவும்



கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனும் மருமகளும் குடு, அதாவது ஹெரோயின், பாவிக்கிறார்களாம். பிள்ளை பிறந்து தீட்டுக்கூட இன்னும் கழியவில்லை. "பிள்ள கத்துது, அவ செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா. மகன விடுங்க, ஆம்பள. இவ பெத்தவ தானே, நெஞ்சுல ஈரமே இல்லையா? மிட்வைஃப் மிஸ் வந்தா காச்சல்னு சொல்லி அனுப்பிடுறேன், வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

மகனை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனமில்லை. குழந்தை முகம் தகப்பன் மூளையையும் தொடக்கூடியதுதான். இருந்தாலும், அந்த அம்மா கேட்டதற்கு வருகிறேன்.

ஈரம் இருக்கிறது, அம்மா. அது ஊறுகிற இடத்தில்தான் ஹெரோயின் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் மூளையே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. பிள்ளையை அணைக்கும்போதும் உச்சி முகரும்போதும் வரும் சுகத்தில் அவற்றுக்குப் பங்குண்டு. ஹெரோயின் அதே இடத்தைப் பல மடங்கு பலத்தோடு பிடித்துக்கொள்ள, நாளாக நாளாக மூளை சின்னச் சுகங்களுக்கு அசைய மறுக்கிறது. 1982இல் ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற விஞ்ஞானி வெளியிட்ட ஆய்வில், ஹெரோயின் வகையைச் சேர்ந்த மோர்ஃபின் கொடுத்த பெண் எலிகள் குட்டிகளைக் கவனிப்பது குலைந்தது. மோர்ஃபினைத் தடுக்கும் நலொக்ஸோனையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கவனிப்பு மீண்டது. எலிக்கு மானமும் கிடையாது, மாமியாரும் கிடையாது. மாறியது மருந்து மட்டும்தான்.

மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குக் குண்டுக் கன்னமும் பெரிய கண்ணுமுள்ள குழந்தைப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். சுகத்தை உணரும் பகுதி மந்தமாக இருந்தது. அபின் வகைப் போதையைத் தடுக்கும் நல்ட்ரெக்ஸோன் ஊசி போட்ட பின் அதே பகுதி, போதைப் பழக்கமில்லாதவர்களின் அளவை நெருங்கியது.

குடு பாவிக்கும் கர்ப்பிணிகளின் கதை வேறு. "பிள்ளைக்காக இன்றே விடுகிறேன்" என்று வைராக்கியமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மெதடோன் அல்லது பியூப்ரனோர்ஃபின் என்ற மாற்று மருந்தை வைத்தியர் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுப்பதையே உலக சுகாதார ஸ்தாபனம் 2014இல் பரிந்துரைத்தது. அந்த மருந்தை ஒழுங்காக எடுக்கும் தாய், வைத்தியர் தடுக்காதவரை, தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருத்தம் உண்டு. முதல் இரண்டு மூன்று நாளில் கைகால் நடுங்கும், கீச்சென்று அழும், மார்பைப் பிடிக்கத் தெரியாமல் திணறும். ஏற்கெனவே கூனிக் குறுகிக் கிடக்கிறவளுக்கு, பிள்ளையும் தன்னை வேண்டாம் என்று தள்ளுவதுபோலத் தோன்றிவிடும். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் தாயோடு சேர்த்து, தோலோடு தோல் படும்படி வைத்தாலே பல பிள்ளைகளுக்கு மருந்துத் தேவை குறைகிறது. பிரித்து வைப்பதுதான் தண்டனை என்று நினைக்கிறோம். அந்தத் தண்டனை பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

நம் நாட்டில் மெதடோன் போன்ற மருந்துவழிச் சிகிச்சை இன்னும் பரவலாக வரவில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் புனர்வாழ்வு என்றாலே ஆண்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறோம். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு எந்த மூலையில் பாய் போடுவது என்ற பேச்சே எழுவதில்லை.

இருக்கிற பலம், லயத்துப் படியேறி வீட்டுக்குள்ளேயே வருகிற குடும்ப நல உத்தியோகத்தர், நீங்கள் சொன்ன மிட்வைஃப் மிஸ். அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், அம்மா. உள்ளதைச் சொல்லுங்கள். அவர் மூலம் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போக வழி பிறக்கும். மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. யாராவது மனம் உடைந்து பேசினால் மனநல உதவி இலக்கம் 1926. மருமகள் போதையில் தூங்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தாதீர்கள். தெளிவாக இருக்கும் நேரம் பிள்ளையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருங்கள். மகனையும் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

இந்த இதழைப் படிக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் தாதிமாரும் இதுபோன்ற வீடுகளில் என்ன செய்ய முடிந்தது, எங்கே கை கட்டப்பட்டது என்று எழுதுங்கள். பெயரும் ஊரும் போடமாட்டோம். அடுத்த இதழில் அதற்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்